அறிவியல் வினாவை மாணவருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புக்கு நான் எழுதிய இடைப்பருவத் தேர்வு வினாத்தாளில் “நீராவிப்போக்கு – குறிப்பு வரைக” என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று இருந்தது. விடைத்தாள் திருத்தும்போது ஒரு மாணவியின் தாளில் அந்த வினா எண்ணுக்கு எதிரே ஒரு தொட்டிச் செடியின் படம் இருந்தது. செடியைப் பாலித்தீன் பை ஒன்று மூடியிருந்தது. பையின் உட்புறத்தில் நீர்த்துளிகள். ஒரு துளிக்கு அம்புக்குறி போட்டு “இலையிலிருந்து வந்த தண்ணி” என்று எழுதியிருந்தாள். ஒரு முழு வாக்கியம்கூட இல்லை. பூஜ்ஜியம் போட்டுவிட்டு அடுத்த தாளைக் கையில் எடுத்த பிறகுதான், ‘வரைக’ என்று கேட்டால் பிள்ளை வரையத்தானே செய்யும் என்று எனக்கு உறைத்தது. அதே வினாத்தாளின் கடைசிப் பகுதியில் “பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தைப் படம் வரைக” என்று எழுதியிருந்ததும் நான்தான். ஒரே தாளில் ஒரே சொல்லை எழுதுவதற்கும் படம் போடுவதற்கும் வைத்தவன் நான்; மதிப்பெண் குறைந்ததோ அவளுக்கு.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் வினாத்தாள் தயாரிக்கும் தமிழ்நாட்டு ஆசிரியர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். மொழியை எளிமையாக்கினால் பாடத்தின் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு ஓரளவு நியாயமும் உண்டு. எதை எளிமையாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறியாமல் கைவைத்தால் வினாவே கெட்டுப்போகும். ஆகவே அந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு வரி

ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில், “இதற்கு விடை எழுத மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?” என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். “விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது” அல்லது “சைலம் நீரைக் கடத்தும், ஃபுளோயம் உணவைக் கடத்தும்” என்ற அளவில் இருந்தால் போதும். பிறகு வினாவில் உள்ள சொற்களை அந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரியில் உள்ள அறிவோடு தொடர்புடைய சொற்கள் பாடத்தின் சொற்கள். மற்றவை நாம் பழக்கத்தால் சேர்த்தவை: ‘பின்வருவனவற்றுள்’, ‘யாதெனில்’, ‘மேற்கண்டவாறு அமையப்பெற்ற’, ‘எண்மதிப்பினை’ போன்றவை. திருத்த வேண்டியது இரண்டாவது வகையைத்தான்.

வீட்டில் செய்தித்தாள் வாங்குகிற, அம்மா அப்பா படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது வகைச் சொற்கள் கண்ணில் படுவதே இல்லை, தாண்டிப் போய்விடும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ சௌராஷ்டிரமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுதும் பிள்ளைக்கும், வேலை தேடி வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அவை ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம். காது கேளாத பிள்ளைகளுக்கும் எழுத்துகளை மாற்றிப் படிக்கும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் இன்னும் கடினம். பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரப்படுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் புரியாத வாக்கியத்தை இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தாலும் அது புரிந்துவிடாது.

கலைச்சொல்லில் கைவைக்காதீர்கள்

முடுக்கம், உந்தம், நிலைமம், ஒளிவிலகல், தெவிட்டிய கரைசல் ஆகியவை அப்படியே இருக்க வேண்டும். எளிமை என்று எண்ணித் ‘திசைவேகம்’ என்பதை ‘வேகம்’ என்று மாற்றினால் வேறொரு அளவைப் பற்றிக் கேட்டவர்களாகிறோம். ‘நிறை’க்குப் பதில் ‘எடை’ என்றாலும் அதே பிழைதான். “தெவிட்டிய கரைசல் என்றால் என்ன?” என்ற வினாவை “மேலும் உப்பு கரையாத நிலையில் உள்ள கரைசலை எவ்வாறு அழைப்போம்?” என்று மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வினா கருத்தைக் கேட்டது, இரண்டாவது பெயரை மட்டும் கேட்கிறது.

எந்தக் கலைச்சொல்லை எடுப்பது என்பதில் ஒரே விதி போதும்: அந்த ஆண்டு மாணவர் கையில் உள்ள பாடநூல் எந்தச் சொல்லைத் தருகிறதோ அதுதான். நாம் படித்த காலத்துப் பிராணவாயுவும் நமக்குப் பிடித்த உயிர்வளியும் அழகான சொற்கள்தாம். பாடநூலில் ஆக்சிஜன் என்று இருந்தால் வினாத்தாளிலும் ஆக்சிஜன்தான். இணையத்திலிருந்து மாதிரி வினாக்களை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இலங்கைத் தமிழ் வினாத்தாள்களில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, அமுக்கம் என்று வரும். அங்கே அவை முறையான சொற்கள். இங்கே உள்ள பிள்ளைக்கு அமுக்கம் என்றால் அழுத்தம் என்று ஊகித்துக்கொள்ள நேரமில்லை.

அன்றாட வழக்கிலும் அறிவியலிலும் வெவ்வேறு பொருள் தரும் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். ‘வேலை’, ‘திறன்’ இரண்டும் அப்படிப்பட்டவை. சுவரை நாள் முழுதும் தள்ளியும் அது நகரவில்லை என்றால் சுவரின் மீது வேலை எதுவும் செய்யப்படவில்லை என்பது இயற்பியல். அந்த முரணைப் புரிந்துகொள்வதுதான் பாடம், ஆகவே அந்தக் கடினம் வினாவில் இருக்கட்டும். நாம் செய்யக்கூடாதது, அதே தாளில் ‘திறன்’ என்ற சொல்லை ஒரு வினாவில் வாட் கணக்குக்கும் இன்னொரு வினாவில் “செரிக்கும் திறன்” என்ற பொதுப்பொருளுக்கும் வைப்பது.

உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் சொற்களும் நம் அறிவியல் தமிழில் நிறைய உண்டு. குவிலென்சு, குழிலென்சு இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஒளி, ஒலியும் அப்படியே. வினைபடு பொருள், வினைவிளை பொருள் என்று ஒரே வரியில் வந்து, அதற்கு முன்னால் ‘இவ்வினையில்’ என்றும், தலைப்பில் ‘வினா’ என்றும் இருந்தால், மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் கண் எங்கே நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். இவற்றை மாற்ற முடியாது, ஆனால் பிரித்து வைக்கலாம். வேதிவினையைச் சமன்பாடாகத் தனி வரியில் கொடுத்து, அம்புக்குறிக்கு வலப்பக்கம் கோடிட்டு நிரப்பச் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். லென்சு வினாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய படம் போதும்.

வாக்கியத்தை அவிழ்ப்பது

தமிழ் வினாக்களில் பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். நம் வாக்கியத்தில் பெயரை விளக்கும் தொடர்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து குவியும். வினைச்சொல் கடைசியில் வரும். எழுதுகிறவருக்கு எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று முன்பே தெரியும். படிக்கிறவருக்கோ பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தாண்டிய பிறகுதான் எதைப் பற்றிய பேச்சு என்பதே தெரிய வரும்; அதுவரை எல்லா எண்களையும் நினைவில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இந்த வினாவைப் பாருங்கள்:

“1000 கிலோகிராம் நிறையுடையதும், ஓய்வு நிலையிலிருந்து சீரான முடுக்கத்துடன் புறப்பட்டு 10 வினாடி கால அளவில் 20 மீ/வி திசைவேகத்தை அடைவதுமான மகிழுந்து ஒன்றின் மீது செயல்படுத்தப்பட்ட விசையின் எண்மதிப்பினைக் கணக்கிடுக.”

மகிழுந்து வருவதற்குள் மூன்று எண்களும் கடந்து போய்விட்டன. இதை அவிழ்க்கும்போது முதலில் பொருளை நிறுத்துங்கள், பிறகு ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, கடைசியில் கேள்வி.

“ஒரு கார் ஓய்வு நிலையிலிருந்து சீரான முடுக்கத்துடன் புறப்படுகிறது. 10 வினாடியில் அதன் திசைவேகம் 20 மீ/வி ஆகிறது. காரின் நிறை 1000 கிலோகிராம். காரின் மீது செயல்படும் தொகுபயன் விசை எவ்வளவு?”

அறிவியல் சிறிதும் குறையவில்லை. ஓய்வு நிலை என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி என்பதை மாணவர்தான் உணர வேண்டும்; முடுக்கம் 2 மீ/வி² என்று கண்டுபிடித்து, அதிலிருந்து 2000 நியூட்டன் என்ற விடைக்கு அவரேதான் வர வேண்டும். அதனால்தான் ‘ஓய்வு நிலை’யை நான் “நின்றுகொண்டிருந்த கார்” என்று மாற்றவில்லை. மகிழுந்தைக் காராக மாற்றியதற்குத் தமிழாசிரியர் நண்பர்கள் என்மீது வருந்தலாம். இது மொழித்தேர்வு அன்று என்பதே என் பதில். இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய வாக்கியத்தில் “செயல்படுத்தப்பட்ட விசை” என்று இருந்தது. உராய்வைக் கணக்கில் கொள்ளாமல் அப்படிக் கேட்டது அறிவியல்படி தளர்வான கேள்வி; நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது எல்லா விசைகளும் சேர்ந்த தொகுபயன் விசைதான். நீண்ட வாக்கியத்துக்குள் அது ஒளிந்திருந்தது. பிரித்து எழுதியதும் வெளியே தெரிந்தது. எளிய மொழியில் எழுத முற்படும்போது நம்முடைய பாடக் குழப்பம் அகப்பட்டுக்கொள்வது எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு தவறான பாடத்தையும் தவிர்க்க வேண்டும். எளிமை என்றால் சுருக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழில் சுருக்கினால் பெரும்பாலும் கடினமாகும். உருபுகளை விட்டு, சொற்களைப் புணர்த்தி, “வெப்பநிலையுயர்வால் திடப்பொருட் கரைதிறன் மாறுபாடு யாது?” என்று எழுதினால் வரி மிச்சமாகும், எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று தேடும் வேலை பிள்ளைக்குக் கூடும். “வெப்பநிலை உயரும்போது திடப்பொருளின் கரைதிறன் எவ்வாறு மாறும்?” என்பதில் எழுத்து அதிகம், சுமை குறைவு. ‘முறையே’ என்ற சொல்லும் இத்தகைய சிக்கனத்தில் பிறந்ததுதான். “நிறை, எடை ஆகியவற்றின் எஸ்.ஐ. அலகுகள் முறையே” என்று கேட்டுவிட்டு நியூட்டன், கிலோகிராம் என்ற இரண்டையும் முன்பின்னாக மாற்றி நான்கு விடைகளில் வைத்தால், அலகு தெரிந்த பிள்ளையும் வரிசையில் தவறும். இரண்டு வரிகளாக, ‘நிறையின் அலகு’, ‘எடையின் அலகு’ என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பக்கம் கூடும் என்று தலைமையாசிரியர் முணுமுணுப்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

எதிர்மறையும் ஏவல் சொல்லும்

“வினையூக்கியைப் பற்றிய தவறல்லாத கூற்று எது?” என்று கேட்பதற்கு ஒரு காரணமும் இல்லை, “சரியான கூற்று எது?” என்றால் முடிந்தது. தவறானதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ‘தவறான’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். அதன் கீழ் வரும் நான்கு விடைகளில் ‘இல்லை’, ‘அன்று’ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூற்று – காரணம் வகை வினாக்களில் நான்கு விடைகளின் வரிசை தாள் முழுதும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வினாவிலும் மாற்றினால் அங்கே சோதிக்கப்படுவது கண்பார்வைதான்.

ஏவல் சொற்களுக்கு என்னிடம் ஒரு சிறிய பட்டியல் உண்டு. ஆண்டு தொடக்கத்தில் அதை வகுப்பிலேயே எழுதிப் போட்டுவிடுவேன். ‘வரையறு’ என்றால் பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘காரணம் கூறுக’ என்றால் ‘ஏனெனில்’ இல்லாமல் விடை முடியாது. ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு பத்திகள். ‘தருவி’ என்றால் படிகள் வேண்டும், கடைசி வாய்பாடு மட்டும் போதாது. ‘குறிப்பு வரைக’ என்பதை அந்த மாணவிக்குப் பிறகு நான் எழுதியதே இல்லை. அதற்குப் பதில் எத்தனை வேண்டும் என்று எண்ணிக்கையோடு கேட்கிறேன்: “நீராவிப்போக்கு என்றால் என்ன? அதனால் தாவரத்துக்குக் கிடைக்கும் ஒரு நன்மையை எழுதுக.” எத்தனை எழுத வேண்டும் என்று சொல்லாத வினாவில், தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளை இரண்டு மதிப்பெண்ணுக்கு எத்தனை குறிப்பு என்பதைப் பழக்கத்தால் அறிந்திருக்கும். போகாத பிள்ளை ஒரு பக்கம் எழுதி நேரத்தை இழக்கும்.

தாளின் தலைப்பில் உள்ள அறிவுரைகளும் படிக்க வேண்டிய மொழிதான். அண்மை ஆண்டுகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் அமைப்பில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. இரண்டு மதிப்பெண் பகுதியில் 10 வினாக்களைப் படித்து 7 எழுத வேண்டும். நான்கு மதிப்பெண் பகுதியிலும் 10 படித்து 7. அவற்றுள் 22ஆம் வினாவும் 32ஆம் வினாவும் கட்டாயம். தேர்வு தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தரப்படுகிறது. தெரிவு கொடுப்பது சலுகை என்றுதான் நாம் எண்ணுகிறோம். மெதுவாகப் படிப்பவருக்கு எழுதப்போகாத ஆறு வினாக்களையும் படித்தாக வேண்டிய கூடுதல் வேலை அது. உங்கள் பள்ளித் தேர்வில் அமைப்பை மாற்ற முடியாவிட்டாலும், “கட்டாய வினா” என்பதை மேலே உள்ள அறிவுரையில் மட்டும் சொல்லாமல் அந்த வினாவின் பக்கத்திலேயே அச்சிடலாம்.

கதையும் சூழலும்

“கண்ணன் தன் தாத்தாவுடன் திருவிழாவுக்குச் சென்றான். அங்கே பல கடைகள் இருந்தன…” என்று தொடங்கி ஐந்தாவது வரியில் பலூனின் பருமனைக் கேட்கும் வினாக்களில் முதல் மூன்று வரிகளை அடித்துவிடுங்கள். பனிச்சறுக்கு வீரரை வைத்து உராய்வைக் கேட்பதைவிடச் சைக்கிள் பிரேக்கை வைத்துக் கேட்கலாம். அதற்காகக் கிராமத்துப் பொருளெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்றும் கொள்ள வேண்டாம். ஏற்றம் இறைப்பதைச் சென்னைப் பிள்ளையும் பார்த்ததில்லை, இப்போது தஞ்சாவூர்ப் பிள்ளையும் பார்த்ததில்லை. பேருந்து திடீரென்று புறப்படும்போது பின்னால் சாய்வது, பிரஷர் குக்கரில் பருப்பு விரைவில் வேகுவது போன்றவை ஊர் பார்க்காதவை.

மொழிபெயர்ப்பு

வினாவை ஆங்கிலத்தில் எழுதி, அச்சுக்குப் போகும் முன்னிரவில் தமிழாக்குவதுதான் பல இடங்களில் நடைமுறை. 2018 நீட் தேர்வில் தமிழில் எழுதியவர்களுக்கு நேர்ந்தது நினைவிருக்கும். 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழை இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு ஜூலையில் வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அந்த உத்தரவையே நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அந்தத் தேர்வின் விதி. தமிழில் மட்டும் படித்த பிள்ளைக்கு அந்த விதியால் என்ன பயன் என்று அப்போது பலரும் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

பள்ளியளவில் இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. தமிழ்வழி வகுப்புக்கான வினாவை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் பிறகு வரட்டும். பிறகு, முதல் வடிவத்தைப் பார்க்காத இன்னொரு ஆசிரியரிடம் ஆங்கில வடிவத்தைக் கொடுத்து அதை மீண்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு தமிழும் ஒரே கேள்வியைக் கேட்டால் சரி.

சோதித்துப் பார்ப்பது

வினாத்தாள் கமுக்கமானது, அதை எழுதப்போகும் மாணவரிடம் காட்ட முடியாது. ஆனால் சென்ற ஆண்டு அந்த வகுப்பை முடித்த மூன்று பேரிடம், சாதாரணமாகப் படிக்கிறவர்களாகப் பார்த்து, ஐந்தாறு வினாக்களைக் கொடுக்கலாம். விடை கேட்காதீர்கள். “இது உன்கிட்ட என்னம்மா கேட்குது? உன் பேச்சுல சொல்லு” என்று மட்டும் கேளுங்கள். விடை தெரியாதவர்கூடக் கேள்வியைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் வினாவின் மொழி தேறிவிட்டது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் எந்தச் சொல்லில் நாக்கு நிற்கிறது என்பதும் தெரியும்.

இன்னும் நம்பகமான சோதனை வேண்டுமானால், வகுப்புத் தேர்வு ஒன்றில் பாதிப் பேருக்குப் பழைய வடிவத்தையும் பாதிப் பேருக்கு எளிய வடிவத்தையும் கொடுங்கள். எல்லாரும் ஒரே அளவில் கூடுதலாக மதிப்பெண் எடுத்தால், நீங்கள் பாடத்தையே எளிதாக்கிவிட்டீர்களோ என்று ஐயப்பட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்கள் மட்டும் குறிப்பிடும்படி முன்னேறி, நன்றாகப் படிப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தால், தடையாக இருந்தது மொழிதான். அமெரிக்காவில் ஜமால் அபேதி, கரோல் லார்ட் இருவரும் எட்டாம் வகுப்புக் கணித வினாக்களின் மொழியை மட்டும் எளிமையாக்கிச் சோதித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய இதுதான் தெரிந்தது: மொத்த முன்னேற்றம் சிறிது, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தவர்களும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயனடைந்தனர். நாற்பது பேர் வகுப்பில் அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்காது. இருந்தாலும் எந்த வினா மொழியால் இடறுகிறது என்று காட்டிக்கொடுக்க அது போதும்.

திருத்தும்போது

வினாவை எளிமையாக்கிவிட்டு விடையில் செந்தமிழை எதிர்பார்த்தால் செய்த வேலை பாதியில் நிற்கும். விடைக்குறிப்பை எழுதும்போதே ஏற்கத்தக்க மாற்றுச் சொற்களையும் அதில் எழுதிவிடுங்கள். வினாவில் ஆக்சிஜன் என்று கேட்டிருந்தாலும், தாத்தாவிடம் கேட்டுப் பிராணவாயு என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் உண்டு. “தண்ணி சூடானா மூலக்கூறு வேகமா ஓடும்” என்ற விடையில் கருத்து இருக்கிறது. கேட்டது விளக்கம் என்றால் மதிப்பெண் கொடுங்கள். கேட்டதே கலைச்சொல் என்றால் கொடுக்க வேண்டாம். ரகர றகர மயக்கத்தை மன்னிக்கலாம். ஒளிக்கு ஒலி என்று எழுதினால் மட்டும் நின்று பார்க்க வேண்டும்; ‘ஒலிவிலகல்’ என்று எழுதிக் கண்ணாடிப் பட்டகத்தின் படத்தைச் சரியாகப் போட்டிருந்தால் அது எழுத்துப்பிழை, படமோ விளக்கமோ இல்லாமல் வெறும் சொல்லாக இருந்தால் அது எழுத்துப்பிழையா கருத்துப்பிழையா என்று நம்மால் சொல்ல முடியாது. அத்தகைய ஐயத்துக்கு இடம் தராமல் அந்த வினாவோடு ஒரு படத்தையும் கேட்டிருக்க வேண்டியது நம் பொறுப்பு.

தேர்வறையில் நிற்கும் ஆசிரியரிடம் ஒரு வேலையைக் கேட்டுப் பெறுங்கள். “சார், பதினாறாவது கேள்வில என்ன கேட்டிருக்காங்க?” என்று யாராவது எழுந்து கேட்டால், வினா எண்ணையும் அவர் எந்தச் சொல்லைக் காட்டினார் என்பதையும் வினாத்தாள் ஓரத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அன்று மாலையே அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வினாத்தாள் எழுத உட்காரும்போது முதலில் பிரிக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.